எட்டாம் பாடமும் ஒன்றரை மணிப் படகும்

நான் படிப்பித்த தீவுப் பாடசாலைக்கு எனக்குப் பிறகு குடியுரிமைக் கல்வி படிப்பிக்கப் போயிருக்கும் இளம் ஆசிரியை போன கிழமை தொலைபேசி எடுத்தார். மாணவர்களை வைத்து மாதிரிப் பாராளுமன்றம் நடத்தும்படி வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிவுறுத்தல் வந்திருக்கிறதாம்.

"அக்கா, பிரச்சினை ஒண்டும் வராமல் அதை எப்பிடி நடத்துறது?"

"அது எனக்குத் தெரியாது பிள்ளை. பிரச்சினை வந்தாப் பிறகு எப்பிடி வீடு வந்து சேர்ந்தனான் எண்டு வேணுமெண்டாச் சொல்லுறன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தைந்தாம் வயதில் விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் 'கனம் சபாநாயகர் அவர்களே' என்று வானொலியில் யாராவது சொன்னால் என் கை தானாகவே பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். அது ஏன் என்பதை அவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு ஜனநாயகத்தை மிகவும் ஒழுங்காகப் படிப்பித்தார்கள். வரைவிலக்கணம், இயல்புகள், நன்மைகள், தீமைகள். அதை அப்படியே கொண்டுவந்து கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கொப்பியில் எழுத வைத்தே என் முதல் சில ஆண்டுகள் போயின. பிறகு ஒரு நாள் செயற்பாட்டுவழிக் கற்றல் என்று ஒரு பயிற்சிப்பட்டறைக்கு அழைத்தார்கள். பிள்ளைகளே வேட்பாளராக, வாக்காளராக, சபாநாயகராக நடித்துப் பழகவேண்டும் என்றார்கள். சோறும் கோழிக்கறியும் தந்தார்கள். நான் இரண்டையும் நம்பி வீடு திரும்பினேன்.

அப்போது நான் வேலணைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் இருந்தேன். தரம் ஏழில் வகுப்புத் தலைவர் தேர்தல் வைத்தேன். பிஸ்கற் தகரம் வாக்குப்பெட்டி. என் பழைய சேலை மறைப்பு. வாக்களித்தவரின் விரலில் பூசும் மைக்கு முதலுதவிப் பெட்டியிலிருந்த ஊதா மருந்து. அந்த மருந்து ஒரு கிழமைக்குப் போகாது என்பதை நான் யோசிக்கவில்லை. சோற்றுக்குள் ஊதா விரலை விட்ட பிள்ளைகளின் தாய்மார் அடுத்த நாள் வாசலில் நின்றார்கள்.

வேட்புமனு கேட்டேன். வகுப்பு முழுவதும் கையை உயர்த்தியது. யார் யாரைத் தடுக்க முடியும்? எல்லோரும் வேட்பாளர்கள். எண்ணிப் பார்த்தால் எல்லோருக்கும் ஒவ்வொரு வாக்கு. ஒரு பொடியனுக்கு மட்டும் இரண்டு. ஒரு சின்னப் பெட்டைக்கு ஒன்றும் இல்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீ உனக்குப் போடேல்லையோ?"

"தனக்குத்தானே போடுறது வெக்கம் எண்டு நினைச்சன் ரீச்சர். அதாலை அவனுக்குப் போட்டனான்."

வென்றவன் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. தனக்கு விழுந்த இரண்டாவது வாக்கும் தன்னுடைய திறமைக்குத்தான் என்று அந்தத் தவணை முழுவதும் நம்பியிருந்தான். என் சேவைக்காலத்தில் நான் வைத்த தேர்தல்களிலேயே மிக உண்மையானது அதுதான்.

அதற்கு அடுத்த ஆண்டு மாதிரிப் பாராளுமன்றம் வைத்தேன். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரித்து, எதிர்க்கட்சியின் கடமை எதிர்ப்பது என்று சொல்லிவிட்டேன். தொடக்கத்தில் தேவாரம் பாட எழும்பியபோதே எதிர்க்கட்சி எதிர்த்தது. கொஞ்ச நேரத்தில் பின் வரிசைப் பொடியன் ஒருவன் காற்சட்டைப் பையிலிருந்து கடுதாசிச் சுருள் ஒன்றை எடுத்தான். பிரித்துப் பார்த்தால் மிளகாய்த்தூள்.

"இது என்னடா?"

"பாராளுமன்றத்திலை எறிஞ்சதை ரி.வி.யிலை பார்த்தனான் ரீச்சர். எதிர்க்கட்சி எண்டா இது வேணும்தானே?"

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன் உறுப்பினர்களின் பைகளைச் சோதிப்பது என் வழக்கமாயிற்று.

இவ்வளவும் முன்கதை. என்னை ஆட்டிப்போட்ட சம்பவம் நான் கடைசியாகப் படிப்பித்த தீவில் நடந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து படகில் மட்டுமே போகக்கூடிய சின்னத் தீவு அது. காலையில் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே படகில் போவோம், பின்னேரம் ஒரே படகில் திரும்புவோம். திரும்பும் படகு ஒன்றரைக்கு. பாடசாலை முடிவது இரண்டு மணிக்கு. அதனால் ஏழாம் பாடம் முடிந்ததும் ஆசிரியர்கள் குடையை விரித்துக்கொண்டு துறைக்கு நடப்பார்கள். எட்டாம் பாடம் நேரசூசியில் மட்டும் இருந்தது. அதை யாரும் படிப்பித்து யாரும் பார்த்ததில்லை. நான் புதிதாகப் போன நாளில் எனக்கும் சொல்லித் தந்தார்கள்: ஒன்றரைப் படகை விட்டால் அந்தக் கரையில் பஸ் போய்விடும், பஸ் போனால் வேறு பஸ் இல்லை. நானும் நம்பினேன். நேரசூசியில் குடியுரிமைக் கல்விக்கு ஒதுக்கியிருந்த இரண்டு பாடங்களும் எட்டாம் பாடங்களாகவே இருந்தன. பாடசாலை அதிபரிடம் கெஞ்சி ஒன்றை முன்னுக்கு மாற்றிக்கொண்டேன்.

அதிபரும் எங்களுடன் படகில் வருபவர்தான். மென்மையான மனிதர். ஒருவரையும் ஏசமாட்டார். 'செய்யாதே' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தன் விருப்பத்தை யாரோ மூன்றாம் ஆளின் விருப்பம் போலச் சொல்லுவார்: "அப்பிடி ஒரு அபிப்பிராயம் இருக்கு." அவருடைய கதிரை வாசலுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்தபடி இருக்கும். அவரோடு பேசும்போது நாம் அவர் முகத்தைப் பார்க்கலாம். அவர் துறையில் கட்டியிருக்கும் படகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் மகள் சாம்பவியையும் அதே பாடசாலையில்தான் சேர்த்திருந்தேன். தீவுப் பிள்ளைகள் கரைக்கு வந்து படிக்க ஆசைப்படும்போது, எங்கள் ஊரான கரம்பொன்னிலிருந்து ஒரு பிள்ளையைத் தீவுக்குக் கொண்டுபோய்ப் படிப்பித்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கணவருக்கு வவுனியாவில் வேலை. பிந்திக் கலியாணம், பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. அவள் தனியே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வருவதை நினைத்தாலே எனக்குப் பயம். கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். துறைக்கு வருமுன்பே அவளுக்கு மிதவை அங்கி மாட்டிவிடுவேன். படகில் நான் தலைச்சுற்றுக் குளிசையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி முன்னுக்கு இருப்பேன். அவள் பின்னுக்குப் போய்ப் படகோட்டி மரியதாஸ் அண்ணையோடு ஓயாமல் கதைத்துக்கொண்டு வருவாள்.

அவள் தரம் பத்தில் இருந்தபோது மாணவர் பாராளுமன்றத்தின் பிரதமராகத் தெரிவானாள். தாய் ஆசிரியை என்பதால் வாக்கு எண்ணும்போது நான் அறைக்குள்ளேயே போகவில்லை. வெளியே நின்று அவள் தோற்கவேண்டும் என்று நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்தேன். அம்மன் கேட்கவில்லை.

வலயத்திலிருந்து ஓர் அதிகாரி பாராளுமன்ற அமர்வைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. சாம்பவி கொண்டுவரப் போகும் பிரேரணை என்ன என்பதும் அன்றைக்கே பாடசாலை முழுவதும் பரவிவிட்டது: எட்டாம் பாடத்தை ஆசிரியர்கள் நடத்தவேண்டும்.

அதிபர் என்னை அழைத்தார். கடலைப் பார்த்தபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உம்மட மகள் கெட்டிக்காரி, ரீச்சர்."

"ஓம் சேர்."

"அந்தப் பிரேரணை, அதிகாரி வாற நாளிலை வராமல் இருந்தால் நல்லது எண்டு ஒரு அபிப்பிராயம் இருக்கு."

"ஆரின்ர அபிப்பிராயம் சேர்?"

"பொதுவான அபிப்பிராயம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நீரும் படகிலை போறனீர்தானே?"

அன்று பின்னேரம் குசினியில் சாம்பவியிடம் மெல்லக் கதையைத் தொடங்கினேன்.

"வேற ஏதும் பிரேரணை கொண்டுவாவன் பிள்ளை. குடிதண்ணி இருக்கு, விளையாட்டு மைதானம் இருக்கு."

"அம்மா, நீங்கள் அம்மாவாக் கேக்கிறியளோ, குடியுரிமை ரீச்சராக் கேக்கிறியளோ?"

"அம்மாவாத்தான்."

"அப்ப அம்மாவுக்காக நான் படகிலை மிதவை அங்கி போடுறன், சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுறன். பிரேரணையை விடச் சொல்லி ரீச்சர் வந்து கேக்கட்டும். அப்ப யோசிக்கிறன்."

ரீச்சரை அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. ரீச்சர்தானே இதையெல்லாம் படிப்பித்தது.

அடுத்த சில நாட்கள் ஆசிரியர் அறையில் நான் போனால் கதை நின்றுவிடும். ஆனால் வெளியே பிரேரணைக்கு எதிரான அலுவல்கள் நடந்தன. விஞ்ஞான ஆசிரியர் தரம் ஆறு, ஏழு உறுப்பினர்களுக்கு ரொபி இனிப்புக் கொடுத்தார். சங்கீத ஆசிரியை வாணி விழாவில் தனிப்பாட்டுத் தருவதாகச் சொன்னார். இரண்டு சின்ன உறுப்பினர்கள் இடைவேளையில் என்னிடம் வந்தார்கள்.

"ரீச்சர், வோட்டுக்கு ரொபி தந்தால் அது இலஞ்சமோ?"

"வாங்கினனீங்களோ?"

"சாப்பிட்டிட்டம்."

"அப்ப இலஞ்சம்தான்."

இருவரும் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "சாம்பவி அக்கான்ர பக்கமும் ஏதும் குடுக்கினமோ?"

அமர்வு நாள். ஆறாம் பாடத்துக்கே தொடங்கி ஏழாம் பாடத்துக்குள் முடித்துவிடுவது அதிபரின் திட்டம். மண்டபத்தின் முன் வரிசையில் வலய அதிகாரி, பக்கத்தில் அதிபர். செங்கோலுக்குப் பனை மட்டையைச் சீவிப் பொன்னிறக் கடுதாசி சுற்றியிருந்தோம். மட்டை ஓரத்து முள்ளுக் கருக்கை ஒழுங்காகச் சீவவில்லை. அதைத் தூக்கி வந்த படைக்கலச் சேவிதர், தரம் எட்டுப் பொடியன், கையைக் கீறிக்கொண்டு "ஆ!" என்றபடியே சபைக்குள் நுழைந்தான். சபாநாயகர் அவனை அமைதி காக்கும்படி பணித்தார்.

சாம்பவி எழும்பிப் பிரேரணையை வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் வேலையைக் கடைசி வரிசையில் நின்ற நான் பார்த்துக்கொண்டேன்.

எதிர்க்கட்சித் தலைவர் கிருசாந் எழுந்தான். தீவுப் பொடியன், பின்னேரங்களில் தகப்பனோடு வலை வேலைக்குப் போகிறவன்.

"கனம் சபாநாயகர் அவர்களே, மாண்புமிகு பிரதமர் ஒண்டரைப் படகிலைதானே வீட்டை போறவ! முதல் அவ இறங்கட்டும், பேந்து ரீச்சர்மாரை இறக்கலாம்."

எதிர்க்கட்சி மேசையில் தட்டியது. ஆசிரியர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு தட்டுச் சத்தம் கேட்டது.

"ஓம், அந்தப் படகிலைதான் போறனான்," என்றாள் சாம்பவி. "போய் அங்கை ரியூசனுக்கும் போறனான். இஞ்சை எனக்குக் கிடைக்காத பாடத்தை அங்கை எடுக்கிறன். உங்களுக்கு ரியூசனும் இல்லை, எட்டாம் பாடமும் இல்லை. சோதினை மட்டும் எல்லாருக்கும் ஒண்டு."

கிருசாந் மறுபடி எழுந்தபோது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அது சரி. ஆனால் கரைச்சல் குடுத்தால் ரீச்சர்மார் மாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவினம். எங்கட தீவுக்கு ஆர் விரும்பி வாறவை? இப்ப ஏழு பாடம் எண்டாலும் நடக்குது. எட்டைக் கேக்கப் போய் ஏழையும் இழக்கிறதோ?"

அவன் சொன்னது வெறும் பயமில்லை. அடுத்த ஆண்டு ஓர் ஆசிரியை உண்மையாகவே மாற்றம் பெற்றுப் போனார். அன்று நான் அதை அறியாவிட்டாலும், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எங்கள் எல்லோரையும் இவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பதைக் கேட்டு எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. சின்ன உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். பிரேரணை தோற்கப் போகிறது என்று தெரிந்தது. எனக்கு வந்தது நிம்மதியா, கவலையா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல ஏலாது.

நேரம் ஒன்றேகாலை நெருங்கியது. ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் குடையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நழுவினார்கள். வலய அதிகாரியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் அதே படகில் வந்தவர்தானே. அதிபர் எழும்பி, "நல்ல விவாதம். இத்தோடை நிறுத்தலாம் எண்டு ஒரு..." என்று தொடங்கினார்.

"கனம் சபாநாயகர் அவர்களே!" சாம்பவி மறுபடி எழுந்தாள். "ஒரு சாட்சியை விசாரிக்க அனுமதி கேக்கிறன். படகோட்டி மரியதாஸ் வெளியிலை நிக்கிறார்."

கதவடியில், மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, தலைப்பாகைத் துண்டைக் கையில் பிடித்தபடி மரியதாஸ் அண்ணை நின்றார்.

அதிபரின் முகம் முதல் தடவையாகக் கடலை விட்டு மண்டபத்துக்குள் திரும்பியது. "இது மாணவர் சபை. வெளியார் கதைக்க விதி இல்லை."

அதிகாரி திரும்பி மண்டபத்தைத் தேடினார். "குடியுரிமைக் கல்வி ஆர்? ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோ. சபை வெளி ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கலாமோ?"

எல்லாத் தலைகளும் என் பக்கம். அதிபரின் தலையும். சாம்பவி மட்டும் திரும்பவில்லை. அவள் முன்னுக்குப் பார்த்தபடியே நின்றாள். 'இல்லை எண்டு சொல்லிவிடும், ரீச்சர்' என்று அதிபரின் கண் சொல்லியது. அந்தச் சொல் என் வாயில் தயாராகவும் இருந்தது. என் பிள்ளையை வீட்டுக்குப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போக அந்த ஒரு சொல் போதும். நான் முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம் சேர். சபை தெரிவுக்குழுவா இருந்து சாட்சிகளை அழைக்கலாம். நான்தான் படிப்பிச்சனான்."

"ஆனால் படகு..." என்றார் அதிபர்.

"படகோட்டி இஞ்சைதானே நிக்கிறார்," என்று சொல்லி அதிகாரி மறுபடி கதிரையில் இருந்தார்.

மரியதாஸ் அண்ணை சபைக்கு நடுவில் வந்து நின்றார். அந்தோனியார் கோயிலுக்குள் நிற்பது போல நின்றார்.

"நீங்கள் ஏன் ஒண்டரைக்குப் படகை எடுக்கிறனீங்கள்?" சாம்பவி கேட்டாள்.

"ரீச்சர்மார் ஒண்டேகாலுக்கே வந்து ஏறி இருக்கினம் பிள்ளை. வெய்யிலுக்கை எவ்வளவு நேரம் இருத்தி வைக்கிறது? அதாலை எடுக்கிறனான்."

"அவை ரெண்டேகாலுக்கு வந்தால்?"

"ரெண்டேகாலுக்கு எடுப்பன்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"அந்தக் கரையிலை பஸ் போயிடாதோ?"

"அதெப்பிடிப் போகும்? என்ர படகு வந்தாப் பிறகுதானே அவன் பஸ்ஸை எடுக்கிறவன். ஆக்கள் இல்லாமல் ஆரை ஏத்துறது?"

அதிகாரி முன்னால் குனிந்தார். "அண்ணை, ரீச்சர்மார் பஸ்ஸுக்காக ஓடுகினம். பஸ் உங்களுக்காக நிக்குது. நீங்கள் ரீச்சர்மாருக்காக எடுக்கிறியள். அப்பிடித்தானே?"

"ஓம் சேர்."

"இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

மரியதாஸ் அண்ணை துண்டை மற்றக் கைக்கு மாற்றினார். "ஆர் சேர் கேட்டவை? இந்தப் பிள்ளைதான் கேட்டது."

அப்போது துறையிலிருந்து படகின் கோண் ஊதும் சத்தம் கேட்டது. நீளமாக, கோபமாக. மரியதாஸ் அண்ணை காதைக் கொடுத்துக் கேட்டார். "அது நான் இல்லை," என்றார். எங்களுக்கும் அது விளங்கியது. நேரத்தோடு போய் ஏறியிருந்த ஆசிரியர்கள், ஓட்டி இல்லாத படகில் இருந்து தாங்களே கோணை அழுத்திக்கொண்டிருந்தார்கள். சபாநாயகர் வெளிச் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குப் பணித்தார்.

கிருசாந் எழுந்தான். "பஸ் விட்டிட்டு ஓடாது எண்டா ரீச்சர்மாரும் ஓடத் தேவையில்லை. அப்பிடியெண்டால் நான் ஆதரிக்கிறன். ஆனால் எட்டாம் பாடத்துக்கு வீட்டுவேலை தரக்கூடாது எண்டு ஒரு திருத்தம் வேணும்."

திருத்தத்துக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. பிரதமரின் கை மட்டும் உயரவில்லை. பிறகு பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. ரொபி சாப்பிட்ட இருவரும் ஆளையாள் பார்த்துவிட்டு, இருவரும் கையை உயர்த்தினார்கள். நிறைவேறியது. அதிபர் எழும்பி, இந்த முடிவு வரவேற்கத்தக்கது என்று ஒரு அபிப்பிராயம் இருப்பதாகச் சொன்னார்.

துறைக்குப் போனபோது ஆசிரியர்கள் வெய்யிலில் சிவந்து போயிருந்தார்கள்.

"எங்கை அண்ணை போனனீங்கள்?" விஞ்ஞான ஆசிரியர் கத்தினார்.

"பாராளுமன்றத்துக்கு," என்று சொல்லிக்கொண்டே மரியதாஸ் அண்ணை கயிற்றை அவிழ்த்தார்.

பாதிக் கடல் தாண்டும் வரை ஒருவரும் எங்களோடு கதைக்கவில்லை. காற்று வேறு கிளம்பியிருந்தது. சாம்பவி அன்று பின்னுக்குப் போகாமல் என் பக்கத்தில் இருந்தாள். அவள் கை குளிர்ந்துபோய் இருந்தது. அவ்வளவு நேரமும் பயமில்லாமல் நின்றாள் என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஆட்கள் நடுவில் நாளைக்கும் மறுநாளும் இவள் எப்படி வந்து இருக்கப் போகிறாள் என்று யோசித்தேன்.

கணித ஆசிரியை, எங்களில் மூத்தவர், குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சை வா, பிரதமர்."

சாம்பவி எழும்பினாள். நானும் பாதி எழும்பினேன்.

"தரம் பத்துக்கு நாளைக்கு எட்டாம் பாடம் ஆருக்கு எண்டு தெரியுமோ?"

"உங்களுக்கு ரீச்சர்."

"தெரிஞ்சால் சரி. அட்சரகணிதம். கொப்பியை விட்டிட்டு வந்தனெண்டு மட்டும் சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு அவர் தன் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து, பாதியை அவளிடம் கொடுத்தார்.

அடுத்த நாள், அந்தப் பாடசாலையில் யாருக்கும் ஞாபகமிருக்கிற முதலாவது எட்டாம் பாடத்துக்கு மணி அடித்தது. பழக்கதோஷத்தில் பாதிப் பிள்ளைகள் புத்தகப்பையோடு வாசலுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். எனக்கு அந்த நேரம் பாடமில்லை. தரம் பத்து வகுப்புப் பக்கமாக ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு தரம் நடந்தேன். மத்தியானச் சூட்டில் ஓட்டுக் கூரை கொதித்தது. கரும்பலகையில் சமன்பாடு ஒன்று நீண்டுகொண்டு போனது. கிருசாந் தலையைப் பிடித்தபடி எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்து மேசையில் மாண்புமிகு பிரதமர் கொப்பிக்கு மேல் கன்னத்தை வைத்து நல்ல நித்திரை.

கணித ஆசிரியை என்னை யன்னலில் கண்டுவிட்டார். "ரீச்சர், எழுப்பவோ, விடவோ?"

"அம்மாவாக் கேட்டால், விடுங்கோ," என்றேன். "ஆனால் அவ கேட்டு வாங்கின பாடம். எழுப்புங்கோ."